பின்னால் வண்டி வருது

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இன்றைக்கு விடியற்காலையிலிருந்து மழை. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் என்று ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. வண்டியை எடுக்கவில்லை. பாப்பாவின் போன வருஷத்து கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன, எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள். தம்பி சிரிக்காதே.

ஸ்டாண்டில் கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் இருந்தாரே, உங்களைப் பார்த்தால் வண்டித் தகரத்தில் தாளம் தட்டுவாரே, அவரைப் பற்றித்தான். உங்களுக்கு அவரைப் பேசாத மனிதராகத்தான் தெரியும். ஆவடி பூந்தமல்லி ரோட்டில் அவரைப் போலப் பேசிய ஆள் கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆவடி ஸ்டாண்டில் ஆள் ஏற்றுவோம், பூந்தமல்லியில் இறக்குவோம், அங்கிருந்து திரும்பவும் ஆவடி. வண்டி நிறைந்துவிட்டால் நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்க மாட்டோம். கை காட்டுகிறவர்கள் கண்ணில் படாத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு போய்விடுவோம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது கியர் போடுவதை அல்ல, இந்தப் பார்வையைத்தான்.

அவருக்கு மட்டும் அது கடைசி வரை வரவில்லை. வண்டி பிதுங்கி வழிந்தாலும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வேகத்தைக் குறைப்பார். தலையை வெளியே நீட்டி, "ஃபுல்லு நைனா, பின்னால ஒண்ணு வந்துகினு கீது, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். கோயில் மணி மாதிரிக் குரல். காடுவெட்டியில் சொன்னால் கூவம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று கிண்டல் செய்வோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஐ.டி. கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் ஒருநாள், "அண்ணா, இடம்தான் இல்லையே, எதுக்கு நின்னு நின்னு போறீங்க, எனக்கு லாகின் டைம் ஆகுது" என்று கேட்டுவிட்டாள். அவர் சொன்ன பதிலை அந்த வண்டியில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன். என் வண்டி அன்று ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

"நிக்கிறவனுக்குத் தெரியணும் தாயி. தெரிஞ்சா நிப்பான், இல்லாங்காட்டி நடப்பான். ஒண்ணும் தெரியாம நிக்கவுட்டா அது பாவம்."

அவரிடம் இருந்த வேதம் மொத்தமும் இவ்வளவுதான். எங்கே போனாலும் இதைத்தான் செய்வார். ஸ்டாண்டு தலைவர் மகள் கல்யாணம் திருவேற்காட்டில் நடந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. இவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மொத பந்தி மோருக்கு வந்துட்ச்சி, இன்னும் பத்து நிமிஷம், எல்லாரும் போய் குந்துங்க" என்று அறிவித்தார். கூட்டம் நிஜமாகவே போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இவரைச் சமையல் காண்டிராக்டர் என்று நினைத்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். நான் அந்த ஆள் இல்லை என்று இவர் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சமையல்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து, "ரெண்டாவது அண்டாவுல சரியா கீதாம்" என்று பதில் சொன்னார்.

வம்பும் வந்திருக்கிறது. காடுவெட்டியில் பஸ் பிரேக்டவுன் என்று ஒருநாள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார். அதை நம்பி ஏழெட்டுப் பேர் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாவது நிமிஷம் பஸ் தானாகக் கிளம்பி, காலியாக அவர்களைத் தாண்டிப் போனது. மறுநாள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் ஸ்டாண்டுக்கே வந்து அவரைத் திட்டித் தீர்த்தார். "நான் சொன்னப்ப அது நெசம் தாயி" என்றார் இவர். மறுபடியும் திட்டு விழுந்தது.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் அன்று காலை நடந்ததை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, எங்களிடம் சொன்னபோது அழுவதா சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கையில் ஊசி குத்திய பிறகு, ஸ்டிரெச்சர் வருவதற்குள் மனிதர் எழுந்து வெளி ஹாலுக்குப் போய்விட்டாராம். அங்கே காத்திருந்தவர்களிடம், "எனுக்கு முடியவே நாலு மணி நேரம் ஆவுமாம். அதுக்கப்புறம்தான் உங்க ஆளுங்க. போய் டிபன் துன்னுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாராம். அந்தக் குரலில் வந்த கடைசிப் பேச்சு அதுதான்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மூச்சு கழுத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். தூசி போகாமலிருக்க ஈரத்துண்டு. பேசுவதற்கு அவர் மகள் போனில் ஏதோ போட்டுக் கொடுத்திருந்தாள். தமிழில் அடித்து அழுத்தினால் ஒரு பெண் குரல் படிக்கும். செய்தி வாசிக்கிற குரல். இவர் அடிப்பதோ நம் பாஷை. "இன்னா நைனா, டீ குட்ச்சியா" என்று அந்த அம்மாள் வானிலை அறிக்கை மாதிரிக் கேட்கும்போது ஸ்டாண்டே குலுங்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார், தோள் மட்டும் ஆடும்.

ஆனால் அந்தக் குரல் டீக்கடைக்குப் போதும், ரோட்டுக்குப் போதாது. லாரி ஹாரனுக்கு நடுவில் "பூந்தமல்லி" என்று அந்த அம்மாள் எவ்வளவு அழகாகச் சொல்லி என்ன? ஷேர் ஆட்டோவுக்குக் குரல்தான் பாதி என்ஜின். பூந்தமல்லியிலிருந்து திரும்பும்போது வண்டி எங்கே போகிறது என்று கத்தத்தான் வேண்டும். கத்தாத வண்டியை ஜனம் பார்த்துக்கொண்டு நிற்கும், ஏறாது. பாதி காலியாகவே ஓடிக்கொண்டிருந்தார். மாங்காட்டில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, அங்கே பேச வேண்டியதில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் வண்டியை எடுத்து வருவார்.

ஒருநாள் மத்தியானம், ஆள் வராத நேரத்தில், டீக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணெய் டின் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து லிட்டர் மஞ்சள் டின். ஒரு பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டு, ஓரங்களைக் கை கிழிக்காதபடி சுத்தியால் மடித்தார். உள்ளே எல்.இ.டி. பட்டையை வரிசையாக ஒட்டினார். வண்டி பாட்டரியிலேயே எரிகிற பட்டை. இதெல்லாம் எங்களில் யார் வேண்டுமானாலும் செய்வதுதான். எழுத்துக்கு அவர் எடுத்ததைப் பார்த்துத்தான் எல்லோரும் கிட்டே வந்தோம். பெரிய கவரிலிருந்து தன்னுடைய கழுத்து ஸ்கேன் பிலிம்களை உருவினார்.

கறுப்பு பிலிம். அதில் கட்டம் கட்டமாக அவர் கழுத்தை வட்ட வட்டமாக நறுக்கியது போலப் படங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை பிளீச்சிங் தண்ணீரில் தொட்டு அந்தக் கறுப்பின் மேல் தேய்த்தார். தேய்த்த இடத்தில் கறுப்பு உரிந்து கண்ணாடியாகிவிட்டது. ஓரங்களைப் பிளேடால் சுரண்டி நேராக்கினார். இப்படியே பூ, ந், த என்று ஒவ்வொன்றாக வந்தது. பலகையை வெட்டி எழுத்து எடுத்தால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். இதில் எதுவும் விழவில்லை. இந்த யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

"இன்னா அண்ணாத்தே, தியேட்டரா கட்றே?" என்று ஒருத்தன் கேட்டான். இவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து நிதானமாக அடித்தார். "ஹவுஸ் ஃபுல், அப்பால வா" என்றது செய்தி அம்மாள்.

முதல் தடவை எரியவிட்டபோது எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக, அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. பல்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. கழற்றினார். இரண்டு நாள் பிரியாணிக் கடையில் வெள்ளை டப்பா மூடிகளாகச் சேர்த்தார். அவற்றைத் தட்டையாக வெட்டி, பட்டைக்கும் பிலிமுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டுச் செருகினார். இந்த முறை வெளிச்சம் பால் மாதிரிப் பரவியது. வெயில் படாமலிருக்க மேலே ஒரு தகர நெற்றி வைத்தார். சாயங்காலம் வண்டி முகப்பில், கண்ணாடிக்கு மேலே டின்னை மாட்டிவிட்டு, என்னைச் சீட்டில் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார். அவர் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போய், பயணிகள் நடுவில் ஒரு பயணியாக நின்று பார்த்தார். திரும்பி வந்து டின்னின் பின்பக்கம் இரண்டு வாஷர் வைத்து முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். மறுபடி நடந்து போய்ப் பார்த்தார். அதன் பிறகுதான் டீ குடித்தார்.

கறுப்பில் இளநீலமாக பூந்தமல்லி. அதைச் சுற்றி மங்கலாக, வரிசை வரிசையாக வட்டங்கள். ஏற வந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "எழுத்து சரி, அது என்னங்க, பணியாரமா?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

இனிமேல் எழுதுவது எனக்குப் பெருமையான சமாசாரம் அல்ல.

ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. லைனில் முதல் வண்டி நிறைந்தால்தான் இரண்டாவது வண்டி ஏற்றலாம். இவர் நாலாவதாக நின்றாலும், ரயிலை விட்டு வருகிற கூட்டத்துக்கு அந்த இருட்டுகிற நேரத்தில் இவர் போர்டு மட்டும்தான் தெரிந்தது. நேராக வந்து ஏறினார்கள். முன் வண்டிக்குப் போகச் சொல்லி இவர் கையைக் காட்டுவார். குரல் இல்லாத கை, யார் மதிக்கிறார்கள்? உட்கார்ந்தவர்கள் எழவில்லை. மூன்றாம் நாள் லைனில் முதல் வண்டி என்னுடையது. அரை மணி நேரமாக இரண்டே பேரை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், பின்னால் அவர் வண்டி நிறைகிறது. போய்த் தலைவரிடம் சொன்னது நான்தான்.

டீக்கடையில் எல்லோரும் கூடினோம். தலைவர் சட்டத்தைச் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை. போனை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். ஒற்றை விரல். தப்பாக விழுந்ததை அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். ஒருத்தன் ஹாரன் அடித்தான், இன்னொருத்தன் அந்த அம்மா இப்போ இன்னா செய்தி வாசிக்கப் போகுதோ என்றான், சிரித்தார்கள். என் வண்டியில் இருந்த இரண்டு பேரும் இறங்குகிற மாதிரி இருந்தது. நான் சொன்னேன்:

"டைப் அடிக்கிறதெல்லாம் அப்பால வெச்சிக்கோ அண்ணாத்தே. மொதல்ல கழட்டு."

அவர் விரல் நின்றது. போனைச் சட்டைப் பையில் வைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் எடுத்து டின்னைக் கழற்றினார். வயர் முனையை டேப் சுற்றி மூடினார். லைனில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குள் என் வண்டியும் நிறைந்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. அன்று சாயங்காலம் பருத்திப்பட்டு ஸ்டாப்பில் இருவரை இறக்க நின்றேன். அங்கே நின்றிருந்த மூன்று நான்கு பேரும் என்னைச் சண்டைக்கு இழுத்தார்கள். போர்டு எங்கே என்று கேட்டார்கள். என்ன போர்டு என்றேன்.

"முன்னாடி ஃபுல்லா ஒரு வண்டி போகும்ல, அதுல லைட்டு போட்டு எழுதியிருக்கும்," என்றார் ஒரு அம்மா. "இடமில்லை, பின்னால் வண்டி வருதுன்னு. அதப் பாத்துட்டுத்தான நாங்க பஸ்ஸ விட்டுட்டு உங்க வண்டிக்கு நிப்போம். இப்ப எதுவும் தெரியாம நிக்க வேண்டியிருக்கு."

எந்த வண்டி என்று கேட்டேன். "அதாங்க, பணியாரப் படம் போட்ட வண்டி."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. போர்டு இருந்த அந்த மூன்று நாளும் எனக்கு நடு ஸ்டாப்புகளில் ஆள் தயாராக நின்றது ஞாபகம் வந்தது. ராசியான வாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டி முகத்தில் எழுதியிருப்பது பின்னால் வருகிற எங்களுக்கு எப்படித் தெரியும்? எதிரே வந்த வண்டிக்காரர்கள் பார்த்திருக்கலாம். எதிரே வருகிறவன் வண்டி எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்ப்பான், எழுத்தையா படித்துக்கொண்டிருப்பான்?

பூந்தமல்லியில் ஆளை இறக்கிவிட்டு நேராகக் காடுவெட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை ஒன்று புதிதாக இருந்தது. வாட்ச்மேன் சட்டை. "திங்கக்கெழமலேர்ந்து மாங்காட்டுக்குப் போறாரு தம்பி. அங்க சும்மா குந்திகினு கேட்டைத் தொறந்தா போதுமாம்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அவர் கட்டிலில் இருந்தார். நான் டின்னைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. நாங்கள் அதைப் பார்த்திருந்தோம், சும்மா ஏதோ கட்டு என்று நினைத்தோம். இழுத்தேன். பூந்தமல்லி பிலிம் ஒதுங்கி, அந்த இடத்துக்கு இன்னொரு பிலிம் வந்தது. இரண்டு வரி. எழுத்து சின்னதுதான், ஆனால் முதல் பிலிமைவிடச் சுத்தமாகச் சுரண்டியிருந்தார்.

இடமில்லை. பின்னால் வண்டி வருது.

"இத ஏன் அண்ணாத்தே சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒன்றும் கோபமாகப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். அடிக்க ஆரம்பித்தார். அக்கா டீ வைக்கப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன். அவர் அழித்தார், அடித்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், மறுபடி அடித்தார். பிறகு அழுத்தினார்.

"அத வுடு நைனா. அன்னிக்கி வேற சொல்ல வந்தேன். ஒரு ஸ்விட்ச்சி வெக்கிறேன். ஸ்டாண்டுல ஆஃப், ரோட்டுக்கு வந்தா ஆன்."

செய்தி அம்மாள் எந்த வித்தியாசமும் இல்லாமல் சொல்லி முடித்தார். ஒரு ஸ்விட்ச். எங்கள் சட்டத்துக்கும் குறை வராது, அவர் பிழைப்பும் நடக்கும். அவ்வளவு சின்ன விஷயம்.

மறுநாள் காலையில் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்ளோதானா மேட்டரு? இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாவாம்?" என்றார். சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். தலைவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அன்றே டின் ஏறியது. ஸ்விட்சை ஸ்டியரிங்குக்குக் கீழே அவரே மாட்டினார். அதன் பிறகு மூன்று வருஷம் அந்த வண்டி ஓடியது. திங்கட்கிழமையும் வந்தது, நீலச் சட்டை மாங்காட்டுக்குப் போகவில்லை. வண்டி கழுவும்போது போட்டுக்கொள்வார். ஆவடி எழுதிய மூன்றாவது பிலிமும் பிறகு சேர்ந்தது. மழை நாளில் பாலத்துப் பக்கம் தண்ணீர் நின்றால் நாலாவது பிலிம் ஒன்றும் வந்தது, "இந்த வழி வேணாம்" என்று. ஸ்கேன் பிலிம் தீர்ந்ததும் நாங்கள் எல்லோரும் வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்ரேக்களைக் கொண்டுவந்து கொடுத்தோம். தம்பி, நீ மாமரத்திலிருந்து விழுந்தபோது எடுத்த உன் கை எலும்பு படம்தான் கொஞ்ச நாள் ஆவடி போர்டாக இருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

போன வருஷம் மகள் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நன்றாக இருக்கிறார். அங்கே அடுக்குமாடியில் லிஃப்ட் ரிப்பேரானால் கீழே நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், அதே அம்மாள் குரலில்.

இன்னொன்று இருக்கிறது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஸ்விட்ச் மாட்டிய மறுநாள், பூந்தமல்லியில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கரையான்சாவடி தாண்டி ஒரு மர நிழலில் வண்டியை ஓரம் கட்டினேன். வண்டியில் யாருமில்லை. பாப்பா போனில் போட்டுக் கொடுத்த தமிழ் எழுத்தைத் திறந்தேன். எனக்கு அது பழக்கமில்லை. அன்று டீக்கடையில் நான் அடிக்கவிடாததை, அவர் மாதிரியே ஒற்றை விரலால் அடித்தேன். ஒரு ஸ்விட்ச்சி வெக்கிறேன், ஸ்டாண்டுல ஆஃப், ரோட்டுக்கு வந்தா ஆன். மூன்று இடத்தில் தப்பாக விழுந்தது. அழித்து, திரும்ப அடித்து முடித்தேன்.

ஆரம்பிக்கும்போது போனில் மணி நாலு பன்னிரண்டு. முடித்துவிட்டுப் பார்த்தேன். நாலு பதிமூன்று.